2016-இன் எட்டாவது பாட்டில்

வியாழக்கிழமை காலையிலேயே நிலவறையில் படுத்துக் கிடந்த ஒயின் பாட்டிலை எடுத்து மேலே கொண்டுவந்து, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையாகப் பார்த்து நிமிர்த்தி வைத்துவிட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அறுவடையான திராட்சை, அதில் வண்டல் இறங்கியிருக்கும், படுத்திருந்ததை அப்படியே திறந்து ஊற்றினால் கடைசி இரண்டு டம்ளரும் கலங்கலாகத்தான் வரும். சனிக்கிழமை சாயங்காலம் கார்க்கை உருவினேன். ஒயின் பட்டிருந்த முனை மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் கறைபட்டிருந்தது, மற்றபடி பக்கவாட்டில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை, அதைப் பார்த்ததுமே பாதி நிம்மதி. மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் காய்ந்த ஆரஞ்சுத் தோல், அதற்குப் பின்னால் மழைக்கு முந்தின மண்.

இது ஜிகோந்தாஸ் என்ற ஊரின் சிவப்பு ஒயின், 2016 அறுவடை. பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன், இது எட்டாவது. செய்தது ஆறு ஹெக்டேர் மட்டும் வைத்திருக்கும் ஒரு குடும்பம். அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது, வேலையெல்லாம் இப்போது மகள் கையில், அறுவடை மாதத்தில் மட்டும் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒயின் புரியாது. பிரான்ஸின் தெற்கே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒராஞ் நகரத்துக்குக் கிழக்கே, தாந்தெல் த மோன்மிராய் என்று சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக, பல் வரிசை மாதிரி எழுந்து நிற்கும். அந்தப் பாறைகளின் மேற்குச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர்தான் ஜிகோந்தாஸ். ஒருகாலத்தில் அங்கே ஆலிவ் மரங்கள் நிறைய. 1956 பிப்ரவரியில் வந்த உறைபனியில் அவை கொத்துக்கொத்தாகச் செத்துப்போயின, அதற்குப் பிறகுதான் பலர் முழுமூச்சாகத் திராட்சைக்கு மாறினார்கள். இந்தக் குடும்பத்தின் பழைய கிரனாஷ் என்ற ரகத் திராட்சைச் செடிகளும் அந்தப் பனிக்குப் பிறகு பெரியவரின் அப்பா நட்டவைதான், எழுபது வயதை நெருங்குகின்றன. 1971-இல்தான் ஜிகோந்தாஸ் என்ற பெயரிலேயே ஒயின் விற்கும் உரிமை ஊருக்குக் கிடைத்தது. நெடுங்காலம் சிவப்பும் ரோஸே என்ற இளஞ்சிவப்பும் மட்டும்தான், 2023 அறுவடையிலிருந்து வெள்ளைக்கும் அனுமதி உண்டு. சிவப்பு என்றால் பாதிக்குக் குறையாமல் கிரனாஷ் இருக்க வேண்டும், கூட சிரா, மூர்வேத்ர் என்ற ரகங்களில் ஒன்றோ இரண்டுமோ சேர வேண்டும். எந்தத் திராட்சை எவ்வளவு என்று முன்பக்க லேபிளில் பெரும்பாலும் இருக்காது, நேரில் போய்க் கேட்டால் சொல்வார்கள். இந்த ஒயினில் கிரனாஷ் எழுபது, சிரா இருபது, மூர்வேத்ர் பத்து.

நான் முதல்முதலாக அங்கே போனது 2017 பிப்ரவரியில். நான் இருக்கும் லியோன் நகரத்திலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். 2016 அறுவடை அப்போது இன்னும் கலக்கப்படாமல் தனித்தனி சிமெண்ட் தொட்டிகளில் கிடந்தது. பெரியவரை முசியே என்றுதான் கூப்பிடுவேன், புதுச்சேரியில் எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தாக்களைக் கூப்பிட்டுப் பழகிய வார்த்தை அது, இங்கே வந்தும் மாறவில்லை. முசியே ஒரு சின்னக் குழாயைத் திருகி ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு வாய் பிடித்துக் கொடுத்தார், ஒன்றும் விளக்கவில்லை, குடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

முதலில் கிரனாஷ். நிறம் கெட்டியில்லை, டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிந்தது. வாயில் வைத்ததும் ஸ்ட்ராபெரியும் செர்ரியும் சேர்த்துக் காய்ச்சிய பாகு மாதிரி ஒரு நிறைவு, தொண்டையில் ஆல்கஹாலின் சூடு. இனிக்கிறது போலத் தோன்றும், ஆனால் சர்க்கரை இல்லை. அருமையாக இருந்தது, இதையே பாட்டிலில் அடைத்துவிடலாமே என்றேன். அவர் சிரித்தார். கிரனாஷுக்குத் தோல் மெல்லிசு, நிறம் சீக்கிரம் பழுப்பாகிவிடும், காற்றுப் பட்டால் தாங்காது, தனியாக விட்டால் சீக்கிரம் கிழமாகிவிடும் என்றார். அடுத்து சிரா. கன்னங்கரேல் என்று நாவல்பழச் சாறு மாதிரி, ஓரத்தில் ஊதா. மூக்கை வைத்ததும் மிளகு! ஏதோ மிளகு மாதிரி என்று இழுத்துச் சொல்லவில்லை, அம்மியில் அப்போதுதான் நுணுக்கிய மிளகு. அப்புறம்தான் படித்தேன், சிராவில் வரும் அந்த வாசனைக்கும் நம் மிளகின் வாசனைக்கும் காரணம் ஒரே பொருள்தான், ரொட்டண்டோன் என்று பெயர், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அதை வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியவில்லையாம். என் வீட்டுக்காரரும் அந்த ஐந்தில் ஒருவர் என்றுதான் நினைக்கிறேன், மிளகு எங்கே எங்கே என்று இன்றைக்கும் கேட்கிறார்.

மூன்றாவது மூர்வேத்ர். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்றைக்கு அது பிடிக்கவே இல்லை. வாயை இறுக்கிப் பிடித்தது, பழ வாசனை ஒன்றுமே இல்லை, ஈரத் தோல்பை, பச்சை இறைச்சி, அடியில் ஒரு கசப்பு. இது தாமதமாகப் பழுக்கிற ரகம், அந்தப் பக்கத்தில் இதைப் பற்றி 'தலை வெயிலில் இருக்க வேண்டும், கால் தண்ணீரில் இருக்க வேண்டும்' என்று சொல்வார்கள். இதை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு முசியே சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: கிரனாஷ் இன்றைக்கு, சிரா ஐந்து வருடத்துக்கு, இது பத்து வருடத்துக்கு. அப்புறம் டம்ளரில் மூன்றையும் உத்தேசமாக ஊற்றிக் குலுக்கிக் கொடுத்தார். கலவையிலும் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, முதலில் பழம், நடுவில் மிளகு, கடைசியில் இறுக்கம், வரிசையாக வந்து போயின.

அந்த இறுக்கத்துக்கு ஒயின்காரர்கள் டானின் என்கிறார்கள். புதிதாக ஒயின் குடிக்க வருகிறவர்கள் அதைக் கசப்பு என்றோ புளிப்பு என்றோ சொல்லித் தடுமாறுவார்கள், இங்கே என் அலுவலகத்திலேயே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றமே வேண்டியதில்லை, நம்மிடம் அதற்கு வார்த்தை இருக்கிறது, அறுசுவையில் ஒன்றாகவே இருக்கிறது: துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் நாக்கு தடித்துப்போவது, பாக்கைக் கடித்ததும் கன்னத்துக்குள் இழுப்பது, வாழைப்பூவைச் சரியாக ஆயாமல் சமைத்தால் வருவது, எல்லாம் அதேதான். எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது, வழவழப்பு போய் வாய் வறண்ட மாதிரி ஆகிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்துதான் அது வருகிறது. சிவப்பு ஒயினை நாள்படப் போடுவது என்றால் பெரும்பகுதி இந்தத் துவர்ப்பு அடங்கக் காத்திருப்பதுதான். டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, ஒரு கட்டத்தில் கரைந்திருக்க முடியாமல் அடியில் படிகின்றன. பாட்டிலின் அடியில் இருக்கும் அந்தக் கருஞ்சிவப்பு வண்டல், ஒருகாலத்தில் வாயை இறுக்கிய துவர்ப்புதான்.

2016 வசந்தத்தில் மழை, கோடையில் வறட்சி, ஆனால் ராத்திரிகள் குளிர்ச்சி, பழம் நிதானமாகப் பழுத்தது. தெற்கு ரோனில் அந்த வருடத்தைக் கொண்டாடாத ஆளே இல்லை. இந்த ஒயினில் ஆல்கஹால் 15 சதவீதம், அது அதிகம்தான். பழத்தின் சர்க்கரைதான் ஆல்கஹாலாகிறது, அந்தக் காலத்தில் அது ஏறக் காத்திருந்தோம், இப்போது சர்க்கரை முன்னால் ஓடுகிறது, தோலும் விதையும் பழுக்கத்தான் காத்திருக்கிறோம் என்று முசியே சொன்னார். 2017 வசந்தத்தில் கலந்து, ஒரு வருடம் பெரிய பழைய மரத்தொட்டியில் வைத்து, 2018 கோடையில் பாட்டிலில் அடைத்தார்கள். அந்த நவம்பரில் போய் என் பன்னிரண்டை வாங்கி வந்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இருபது வருடம் இருக்கக்கூடிய ஒயினைச் செய்கிற இந்தக் குடும்பத்திடம் பத்து வருடப் பழைய ஒயின் கிடையாது. பாட்டிலில் அடைத்த வருடமே விற்றால்தான் அடுத்த அறுவடைக்குக் கூலி கொடுக்க முடியும், கார்க்கும் பாட்டிலும் வாங்க முடியும், டிராக்டருக்குத் தவணை கட்ட முடியும். பெரிய ஒயின் நிறுவனங்கள் கொஞ்சம் எடுத்துவைத்துப் பதினைந்து வருடம் கழித்து நல்ல விலைக்கு விடும். ஆறு ஹெக்டேர்காரருக்கு அதெல்லாம் ஆகாது. அதுவும் 2017-இல் கிரனாஷ் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்து, 2018-இல் மழையால் பூஞ்சை வந்து, 2021 ஏப்ரலில் உறைபனி பொசுக்கி, விளைச்சல் குறைந்தபோதெல்லாம் எடுத்துவைத்திருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது. ஆக, அவர்கள் பாதி வேலை முடித்து நம் கையில் கொடுக்கிறார்கள், மீதி பாதி வாங்குகிறவர் வீட்டில் நடக்கிறது. எவ்வளவு பொறுப்பான வேலை அது என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

முதல் பாட்டிலை வாங்கி வந்த வாரமே திறந்தோம். பழம், மிளகு, துவர்ப்பு, எல்லாம் உரக்கப் பேசின, எங்களுக்குச் சந்தோஷம்தான். இரண்டாவதும் மூன்றாவதும் என் கவனக்குறைவால் போயின. கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று சமையலறை அலமாரியில் அடுப்புக்கு மேலே வைத்திருந்தேன். 2019 ஜூனில் வந்த வெப்ப அலையில் தெற்கே ஒரு ஊரில் 46 டிகிரி பதிவானது, எங்கள் மாடி வீடும் கொதித்துக் கிடந்தது. செப்டம்பரில் பார்த்தபோது இரண்டு பாட்டிலிலும் கார்க் ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்தது, உறைக்கு அடியில் பிசுபிசுப்பு. திறந்தால் கொதிக்க வைத்த பழக்கூழ் வாசனை, வாயில் உயிரே இல்லை. அன்று ராத்திரி மிச்சம் ஒன்பதையும் கட்டடத்தின் நிலவறைக்குக் கொண்டுபோனேன். லியோனில் பழைய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு சின்ன அறை இருக்கும், எங்களுடையது மண்தரை, கோடையிலும் 16-ஐத் தாண்டாது, குளிர்காலத்தில் 11-க்கு இறங்கும். அதுவரை அதில் பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டிகளும்தான்.

நாலாவது, 2020 டிசம்பர். கெட்டுப்போகவில்லை, ஆனால் வாயைத் திறக்க மறுத்தது. பழம் மறைந்துவிட்டது, மிளகும் இல்லை, துவர்ப்பு மட்டும் கதவு மாதிரி நின்றது. பதறிப்போய் மகளுக்குப் போன் செய்தேன். அவர், சில ஒயின்கள் நடுவில் இப்படி மூடிக்கொள்ளும், திட்டாதீர்கள், இரண்டு வருடம் தொடாதீர்கள் என்றார். நான் கேட்கவில்லை, அடுத்த வருடமே ஐந்தாவதைத் திறந்தேன். அதில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. கார்க்கிலிருந்து வருகிற குறை அது, டி.சி.ஏ. என்பார்கள், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். செய்தவர்மேல் தப்பில்லை, காற்றாட விட்டாலும் போகாது, கீழே ஊற்றத்தான் வேண்டும். ஊற்றும்போது கை கனத்தது.

ஆறாவது, 2022 ஏப்ரல்: திறந்ததும் ஒன்றுமில்லை, மூன்று மணி நேரம் கழித்துப் பழம் எட்டிப் பார்த்தது. ஏழாவது, 2023 குளிர்காலம்: நண்பர்கள் ஆறு பேர், அரை மணி நேரத்தில் தீர்ந்தது, நன்றாக இருந்தது என்பது மட்டும் நினைவு. நல்ல பாட்டிலைக் கூட்டத்தில் திறந்தால் இதுதான் சங்கடம்.

இப்போது எட்டாவதுக்கு வருகிறேன். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் கைபேசி விளக்கை வைத்துக்கொண்டு கண்ணாடிக் குடுவைக்கு மெதுவாக, நிறுத்தாமல் ஊற்றினேன். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த ஒயினில் கடைசியில் கறுப்பு இழை ஒன்று கழுத்தை நோக்கி நீந்தி வந்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன். பாட்டிலில் ஒன்றரை விரல்கடை மிச்சம். டம்ளரைச் சாய்த்து வெள்ளைத் தாள்மேல் பிடித்தால் நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்துக்கு வர வர செங்கல், விளிம்பில் காவி. 2017-இல் பார்த்த ஊதா எங்கேயும் இல்லை.

குடித்தேன். வழக்கம்போல மூன்றையும் தேடினேன், இது கிரனாஷ், இது சிரா என்று. கிடைக்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்ட முதல் வாரம் உப்பு தனி, புளிப்பு தனி, காரம் தனியாக நாக்கில் குத்தும், ஒரு வருடம் ஊறிய ஊறுகாயில் அவற்றைப் பிரித்துச் சொல்லச் சொன்னால் முடியாது, ஊறுகாய் ருசி என்று ஒன்றுதான் இருக்கும். அதேதான் இங்கேயும். காய்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், அந்த மலைச் சரிவில் மண்டிக்கிடக்கும் தைம் செடியைக் கசக்கினால் வரும் வாசனை, கொஞ்சம் புது செருப்புத் தோல், எல்லாம் ஒரே மூச்சில். துவர்ப்பு இருக்கிறது, போகவில்லை, ஆனால் இறுக்கவில்லை, வாயின் பக்கங்களை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது. விழுங்கின பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது. அன்றைக்கு எனக்குப் பிடிக்காமல் போன அந்தத் தோல்பை வாசனைதான் இன்றைக்கு இந்த ஒயினை எழுப்பி நிறுத்தியிருக்கிறது, பழம் வற்றினாலும் சாய்ந்துவிடாமல். பத்து வருடத்துக்கு என்று முசியே சொன்னது வெறும் பேச்சில்லை.

கூட மட்டன் மிளகு வறுவல் செய்திருந்தேன். மிளகாயைச் சுத்தமாக விட்டுவிட்டு மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை மட்டும். மிளகாய்க் காரமும் 15 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், ஒயினின் பழமெல்லாம் ஓடிவிடும், எத்தனையோ தடவை பட்டிருக்கிறேன். மிளகோடு அந்தச் சண்டை இல்லை. தேங்காய்ப்பால் குருமாவோடும் முயற்சி செய்தேன், சுமார்தான். இட்லிப் பொடிக்கெல்லாம் இது ஆகவே ஆகாது, அதற்கு ரோஸே போதும்.

ஒரு டம்ளர் மூடிவைத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் குடித்துப் பார்த்தோம். கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் விழவில்லை. அதிலிருந்து இன்னும் ஐந்தாறு வருடம் தாராளமாகத் தாங்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் நாள்படப் போட ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை, விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிட ஒரே ஒயினில் ஆறு வாங்குங்கள். ஒரு பாட்டிலைப் பத்து வருடம் வைத்து ஒருநாள் திறந்தால் அந்த ஒருநாள் மட்டும்தான் தெரியும், அது எங்கிருந்து கிளம்பி வந்தது என்று தெரியாது. இருட்டு, குளிர்ச்சி, படுக்கவைப்பது, இவை மூன்றும் போதும். நிலையான 15 டிகிரி, நாளுக்கு நாள் மாறும் 12-ஐவிட மேல்.

ஞாயிறு சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து எட்டாவது எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2016-ஐத் தாங்கள் கடைசியாகக் குடித்தது 2020-இல், அது மூடிக்கிடந்த சமயம், அப்புறம் வீட்டில் ஒரு பாட்டில்கூட இல்லை என்றார். அந்த ஒயின் மறுபடி திறந்துகொண்ட பிறகு அப்பா அதைக் குடித்ததே இல்லை.

என்னிடம் நாலு இருக்கிறது. ஒன்றை முசியேவுக்குக் கொண்டுபோகிறேன். காரில் குலுங்கினால் வண்டல் கலங்கிவிடும், அதனால் பிப்ரவரி கடைசியிலேயே கொண்டுவந்து எங்கள் நிலவறையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு வாரம் கழித்து வந்தால் சேர்ந்து திறக்கலாம், அப்பாவிடம் அதுவரை சொல்ல மாட்டேன் என்றார் மகள்.